கர்ட்டன் அக்கா வாங்கிய டிராக்டர்

ஓடிப்போனாள் என்கிறார்களே, ஓடுவதற்கு அவள் முழங்கால் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் முழங்காலா? மாடிப்படியில் இறங்கினாள். அதுவும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு முனகல் முனகிக்கொண்டு இறங்கினாள். அதற்குப் பெயர் ஓட்டம் என்றால் இந்தக் கட்டடத்தில் காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் எல்லாருமே ஓடிப்போனவர்கள்தான்.

"என் காதால கேட்டேன்" என்கிறாள் மூணாம் மாடிக்காரி. "'நீங்க இங்கேயே கிடங்க, நான் போறேன்'னு சொல்லிட்டுத்தான் கிளம்பினா. புருஷன் வாசல் வரைக்கும்கூட வரலை."

கேட்டது உண்மை. அந்தக் காது நல்ல காது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கடைசி வரியை மட்டும் கேட்டுவிட்டு மேலே உள்ள கதையைத் தானே தைத்துக்கொண்டால் எப்படி? புருஷனை விட்டுப் போனாள், டிராக்டர் பைத்தியம் பிடித்துப் போனாள், அண்ணனோடு தகராறு பண்ணிக்கொண்டு போனாள் என்று மாடிக்கு ஒரு கதை. தரைத்தளத்துக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்கு ஒரு ஆளும் சேர்ந்துவிட்டான். டிராக்டர் விற்கிற பையனாம். அந்தப் பையனுக்கு அவள் மகள் வயசுகூட இல்லை.

நடந்ததைச் சொல்லியாக வேண்டும். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஐந்தாம் மாடியில், லிஃப்டுக்கு நேர் எதிரே இருக்கிறது அவள் வீடு. கதவைத் திறந்தால் கூடம் என்று ஒன்று இருக்காது, மேஜைதான் இருக்கும். துணி வெட்டுகிற மேஜை, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். மிச்சம் இருந்த சந்தில்தான் குடும்பம் நடந்தது. மகள் அந்த மேஜைக்கு அடியில்தான் வீட்டுப்பாடம் எழுதிப் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊருக்கும் போனாள். புருஷன் சாப்பிடுவது மேஜையின் ஓரத்தில். துணியில் ஒரு சொட்டு விழுந்தாலும் ரகளை என்பதால் தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவார். பார்க்கிறவர்கள் தட்டுக்குக் குளிருகிறது என்று நினைப்பார்கள்.

அவள் தைத்தது திரைச்சீலை. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி ஓடுகிற திரை, ஓட்டல் அறைத் திரை, மேடைத் திரை, இந்தக் கட்டடத்தில் பாதி ஜன்னல்களுக்கான திரை. மூணாம் மாடிக்காரி எந்தத் திரையை விலக்கி ஊர் நியாயம் பார்க்கிறாளோ, அதுவும் இவள் தைத்ததுதான். கர்ட்டன் அக்கா என்றால் நாலு தெரு தாண்டியும் தெரியும். தைத்ததைப் பழைய வேன் ஒன்றில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போய், தானே ஏணி ஏறி மாட்டிவிட்டு வருவாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்றால் கம்பெனிக்காரனுக்கு முன்னால் இவர் கதவைத்தான் தட்டுவார்கள். பேச்சு குறைவு. கல்யாணமான புதிதில், குனிந்து வெட்டி வெட்டி அவளுக்கு இடுப்பு வலிக்கிறது என்று தெரிந்ததும், கழற்றிப் போட்ட ஒரு பழைய லிஃப்டின் இரும்புப் பாளங்களைக் கொண்டுவந்து மேஜையின் நாலு கால்களுக்கும் அடியில் அடுக்கினார். எதிர் எடை என்பார்கள். இந்தப் பக்கம் ஆள் ஏறுகிற பெட்டி, கயிற்றின் அந்தப் பக்கம் இந்த இரும்பு. ஒன்று ஏற ஒன்று இறங்கும், மோட்டாருக்கு மூச்சு வாங்காது. அடுக்கி முடித்து, "இப்ப நிமிர்ந்து வெட்டு" என்றார். அதற்கு மேல் அன்பாக அவர் எதுவும் பேசியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. அதுவே போதும் என்றுதான் அவளும் இருந்தாள்.

நிலம் வாங்கியது அவள். ஊருக்கு வெளியே, பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், இரண்டரை ஏக்கர். வரிசையாகப் பழ மரங்கள், ஒரு தகரக் கொட்டகை, அதன் பின்னால் கட்டில் போடுகிற அளவுக்கு ஓர் அறை. ஒரு காலத்தில் அங்கே ஏதோ கட்டடம் இருந்து இடிந்திருக்கிறது. நடுநிலத்தில் அடித்தளக் கற்கள். கொட்டகை வாசலிலேயே ஒரு கல், படுத்த மாடு மாதிரி.

"வெளிச்சத்தை மறைச்சுக் கொடுத்தே இத்தனை வருஷம் சம்பாதிச்சேன்" என்பாள். "இனிமேலாவது திரையில்லாத இடத்துல இருக்கணும்."

பொழுதுபோக்குத் தோட்டம் என்று கட்டடத்தில் கேலி பேசினார்கள். அந்த வார்த்தை அவளுக்கு ஆகாது. பொழுது என்று ஒன்று அவளுக்கு எப்போது இருந்தது, போக்குவதற்கு?

ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் புல் செதுக்கினாள், மரத்துக்கு எரு போட்டாள். எருவை லாரிக்காரன் கேட்டுக்கு உள்ளே கொட்டிவிட்டுப் போய்விடுவான், மரம் வரைக்கும் கொண்டுபோவது இவள் பாடு. வாடகைக்கு மிஷின் வைத்திருப்பவரைக் கூப்பிட்டால் "நாளைக்கு வரேன்" என்பார். அவருடைய நாளை வருவதற்குள் எருக்குவியலின் மேல் புல் முளைத்து, புல்லில் பூவும் பூத்துவிட்டது. சரி என்று ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் அவளே அள்ளிப் போட்டுத் தள்ளினாள். பாதி வழியில் வலது மணிக்கட்டு விட்டுவிட்டது. வண்டி ஒரு பக்கம், எரு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

ஆயுள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடித்த மணிக்கட்டு. இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார்.

அன்றைக்கு அண்ணனும் வந்திருந்தார். கட்டட வேலைக்கு லாரி விடுகிறவர். தங்கை மேல் பிரியம் உண்டு, ஆனால் அவர் பிரியப்பட்டால் எதிராளிக்கு மூச்சுத் திணறும். மேஜையைச் சுற்றி மூன்று பேரும் நின்றார்கள்.

"வித்துடலாம்" என்றார் புருஷன்.

"எதை?"

"நிலத்தை."

"கெட்டுப்போனது கை. நிலம் நல்லாத்தானே இருக்கு. வித்தா கையைத்தான் விக்கணும்."

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார், தங்கச்சி. குடோன் கட்டறதுக்கு. நல்ல மனுஷன். மாப்பிள்ளை சொல்றதுல என்ன தப்பு? உனக்கு எதுக்கு இந்தப் பாடு?"

"அண்ணே, எனக்கு ஒரு கை போச்சு. இன்னொரு கை வாங்கிக்கறேன். டிராக்டர். முன்னாடி பக்கெட் வச்சு அள்ளித் தூக்குற லோடரோட."

அண்ணன் சிரித்தார். புருஷன் சிரிக்கவில்லை. இரண்டில் எது மோசம் என்று அவளுக்குத் தெரியும். வெகுநேரம் மேஜைத் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு அவர் பேசினார்.

"வாங்கு. ஆனா நீ தனியா ஏறணும், நீயே ஓட்டணும். அந்தக் கல்லையெல்லாம் நீயே தூக்கி ஓரமாப் போடணும், கொட்டகை வாசல்ல கிடக்கறதையும் சேர்த்து. கேட்டைப் பூட்டிட்டு வீட்டுக்கு வரணும். ஒரு ஆளைக் கூப்பிடக் கூடாது. மழைக்கு முன்னாடி முடிச்சிட்டேன்னா நான் நிலத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். முடியலைன்னா மச்சான் சொல்ற ஆளுக்குக் கொடுத்துடறோம்."

"சரி."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்றேன். நீங்கதான் யோசிக்காம இவ்வளவு நீளமாப் பேசிட்டீங்க."

டிராக்டர் தேட அண்ணனும் கூடவே கிளம்பினார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. முதலில் தன் கூட்டாளி ஒருவரின் பட்டறைக்கு அழைத்துப் போனார். அங்கே நின்றது வீடு மாதிரி ஒரு வண்டி. பின் சக்கரமே அவள் உயரம். ஏறுவதற்கு முதல் படி அவள் இடுப்புக்கு மேலே இருந்தது.

"இதான் வண்டி" என்றார் அண்ணன். "மலையையே புரட்டலாம்."

"என்கிட்ட மலை இல்லையே அண்ணே."

அவள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சக்கரத்துக்குச் சக்கரம் அளந்தாள், மூக்கிலிருந்து வால் வரைக்கும் அளந்தாள். மர வரிசைக்கு நடுவில் இது போனால் நேராகப் போகும், திரும்பாது. மழை பெய்து மண் இளகிய நேரத்தில் இந்தக் கனம் வேரை நசுக்கும். "ஊசி நுழையற இடத்துல கடப்பாரையை விடச் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அடுத்தது பெரிய ஷோரூம். விற்கிற பையன் ஓடி வந்து அண்ணனுக்கு வணக்கம் சொன்னான், அண்ணனுக்கு நாற்காலி போட்டான், எத்தனை குதிரை சக்தி வேண்டும் என்று அண்ணனையே கேட்டான். அவள் அதற்குள் வாசலோரம் நின்ற குட்டி டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கால் எட்டியது, கை எட்டியது. பொம்மை மாதிரி அழகு.

"தம்பி, இந்த பக்கெட் என்ன தூக்கும்?"

"மண்ணு தூக்கும்மா, இலை தழை தூக்கும்."

"கல்லு?"

பையன் அண்ணனைப் பார்த்தான்.

"அவர் லாரிக்காரர். வண்டி எனக்கு. என்னைப் பார்த்துச் சொல்லு."

"கல்லுன்னா கஷ்டம்மா. முன் டயர் நசுங்கிடும்."

அதையும் விட்டாள். அழகுக்காக வாங்குவதென்றால் திரைத்துணி வாங்கியிருப்பாளே. மூன்றாவதாக அவள் நின்றது நடுத்தரமான ஒன்றின் முன்னால். பெரியதற்கும் சின்னதற்கும் நடுப்பிள்ளை மாதிரி யாரும் கவனிக்காமல் மூலையில் நின்றது. நாலு சக்கரமும் இழுக்கும். கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றத் தேவையில்லை. ஒரு மிதியை முன்னால் அழுத்தினால் முன்னால் போகும், பின்னால் அழுத்தினால் பின்னால் வரும். தலைக்கு மேல் இருந்த பாதுகாப்பு வளைவு மடங்கியது, கொட்டகைக் கதவில் இடிக்காது. பக்கெட்டின் இரண்டு முனையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் மட்டும் ஒரு சாண் இடைவெளி. அதற்கு ஒரு திண்டு தைத்துக்கொள்ளலாம் என்று உடனே மனசுக்குள் துணியும் பார்த்துவிட்டாள்.

"லோடர் கைப்பிடி எது?"

"வலது பக்கம்மா. இதை இழுத்தா தூக்கும், தள்ளினா இறக்கும்."

அவள் கட்டுப் போட்ட கையை அதன் மேல் வைத்தாள். இதுவரைக்கும் மற்ற வண்டிகளில் நல்ல கையால் பார்த்தவள், இதில் வேண்டுமென்றே கெட்ட கையை வைத்தாள். இழுத்தாள். பக்கெட் சத்தமில்லாமல் எழுந்தது. வலிக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். அப்போதும் வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இது சோபா இல்லை, இறங்குங்க. வேற காட்டறேன்" என்றான் பையன்.

"சோபான்னா உன்னை ஏன்பா கேக்கறேன். வேற வேண்டாம். நிலத்துக்குக் கொண்டுவந்து காட்டுவியா?"

காட்டுவார்களாம். அதற்கு நடுவில் அவள் ஒரு நாள் நிலத்துக்குப் போய்க் கேட்டை அளந்தாள். பக்கெட்டின் அகலம் ஏற்கெனவே தெரியும். உள்ளே போக இடம் இருந்தது, இரண்டு பக்கமும் நாலு நாலு விரல் மிச்சம். கச்சிதம் என்று நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டாள்.

வெள்ளோட்டத்தன்று பையன் டிராக்டரை லாரியில் கொண்டுவந்து கேட்டுக்கு முன்னால் ஓடுகிற சந்தில் இறக்கினான். அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். புருஷன் கைகளைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றார். வாயே திறக்க மாட்டேன் என்று சொன்ன மனுஷன் அன்றைக்குக் காலையிலிருந்தே திறக்கவில்லை.

அவள் ஏறினாள். சந்தில் வந்து கேட்டுக்கு நேரே திருப்பினாள். டங்கென்று ஒரு சத்தம். பக்கெட்டின் இடது முனை கேட்டுக் கம்பத்தில். பின்னால் எடுத்து மறுபடியும் திருப்பினாள். இந்த முறை வலது முனை. கம்பம் சாய்ந்தது.

"முடிஞ்சுது" என்றார் அண்ணன். "உள்ளேயே போகலை. இதுக்குத்தான் பெரிய வண்டி வாங்கச் சொன்னேன்."

"பெரிய வண்டி நுழைஞ்சிருக்குமா?" என்று கேட்டான் பையன்.

அவள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்துவிட்டது. கம்பத்தில் இடித்ததற்காக இல்லை. ஜன்னல் அகலத்துக்கே துணி வெட்டுகிறவளைத் தையற்காரி என்று சொல்ல மாட்டார்கள். சுருக்கத்துக்கு ஒரு பங்கு, மடிப்புக்கு ஒரு பங்கு விட்டுத்தான் வெட்ட வேண்டும். வேலை கற்றுக்கொள்ள வந்த பெண்களையெல்லாம் இதற்காக எத்தனை திட்டுத் திட்டியிருக்கிறாள். அந்த வாய்க்குச் சொந்தக்காரி, கேட்டை அளந்தபோது வளைவுக்கென்று ஒரு விரல்கூட விடுதல் இல்லாமல் அளந்திருக்கிறாள். நேராகப் போனால் நுழையும், சரி. சந்து குறுகல், வளைந்துதானே நுழைய வேண்டும்? வளைகிறபோது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பக்கெட்டுக்கு இரண்டு பங்கு இடம் வேண்டும்.

"தம்பி, சங்கிலி இருக்கா?"

"எதுக்கும்மா?"

"கூப்பிடக் கூடாதுன்னு ஏற்பாடு. கேக்கக் கூடாதுன்னு இல்லையே. இருந்தா அங்க வச்சிட்டுத் தள்ளி நில்லு."

அவளே இறங்கினாள். சாய்ந்த கம்பத்தின் அடியில் சங்கிலியைச் சுற்றி, மறுமுனையை பக்கெட்டின் கொக்கியில் மாட்டினாள். ஏறி உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தாள். கம்பம் ஈறிலிருந்து கழலுகிற பல் மாதிரி முதலில் ஆடி, பிறகு மண்ணோடு மேலே வந்தது. அதைக் கொண்டுபோய் வேலியோரம் வைத்துவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, ஆடாமல் அசங்காமல் உள்ளே ஓட்டிப் போனாள். வாங்காத டிராக்டருக்கு முதல் வேலையே தன்னை வழிமறித்ததைப் பிடுங்குவதாக அமைந்தது.

எருக்குவியல் ஒரு வேளைக்குள் மரத்தடிகளுக்குப் போனது. சின்னக் கற்கள் போயின. நடுநிலத்துப் பெரிய கற்களை ஒரே தடவையில் அள்ளாமல், அகலமான ஜன்னலுக்கு இரண்டு திரையாகப் பிரிப்பது போல, இரண்டு நடையாகப் பிரித்துக் கொண்டுபோனாள். அண்ணன் வெள்ளைச் சட்டையில் எரு தெறித்தும் நகராமல் நின்று பார்த்தார்.

கடைசியில் கொட்டகை வாசல் கல். பக்கெட்டை அதன் அடியில் செருகினாள், இழுத்தாள். கல் எழுந்தது. கூடவே, அவளுக்குத் தெரியாமல், வண்டியின் பின் சக்கரமும் தரையை விட்டு எழுந்தது.

"இறக்கு."

புருஷனின் குரல். அவ்வளவு சத்தமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. "கீழே இறக்கு. இப்பவே."

இறக்கினாள். பின் சக்கரம் பொத்தென்று உட்கார்ந்தது. பையன் வெளுத்துப்போய் ஓடி வந்தான். "பின்னாடி எடைப் பெட்டி மாட்டணும்மா, அதைக் கொண்டுவரலை. இவ்வளவு பெரிய கல்லுன்னு நினைக்கலை. வண்டி வாங்கினா பெட்டி தருவோம். உள்ளே எடை நீங்கதான் நிரப்பிக்கணும்."

கேட்டைப் பூட்டக் கம்பம் இல்லை. அவள் சங்கிலியைப் பக்கத்து மரத்தோடு இழுத்துக் கட்டிப் பூட்டுப் போட்டாள். நடுவில் ஆடு நுழைகிற இடைவெளி இருந்தது. இருக்கட்டும், பூட்டு பூட்டுதான்.

"ஆனா கல்லு அங்கேயேதானே கிடக்கு" என்றார் அண்ணன். "தோத்துட்டே தங்கச்சி. அதோட மாப்பிள்ளை வேற உதவி பண்ணிட்டார்."

"நான் அவரைக் கூப்பிட்டேனா? அவராத்தானே கத்தினார்."

இரண்டு பேரும் புருஷனைப் பார்த்தார்கள். அவர் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லு பாக்கி" என்றார். "மழை இன்னும் வரலை." தோற்றாள் என்றும் சொல்லவில்லை, ஜெயித்தாள் என்றும் சொல்லவில்லை. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற மாதிரி நிறுத்திவிட்டுப் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

கல் கிடக்கட்டும் என்று அவள் வண்டியை வாங்கிவிட்டாள். "தோத்தா என்ன பண்ணுவே?" என்று கேட்ட அண்ணனிடம், "தோக்கறவங்க யோசிக்க வேண்டிய விஷயம் அது" என்றாள். பெட்டியும் வந்தது. நிலத்துக் கற்களையே பெட்டியில் நிரப்பிப் பார்த்தாள். தூக்கும்போது பின்பக்கம் இன்னும் லேசாகத்தான் இருந்தது, சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் நழுவியது. உடனே இறக்கிவிட்டாள். தைரியம் வேறு, மடத்தனம் வேறு.

வீட்டில் வந்து சொன்னாள். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "கல்லை நிரப்பினா பாதி காத்துதான் இருக்கும். இரும்பு வேணும்."

"இரும்புக்கு எங்கே போறது?"

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போய்விட்டார்.

அந்த வாரம் வானம் கறுக்க ஆரம்பித்தது. அண்ணன் போன் பண்ணினார். குடோன் கட்டுகிறவரை வெள்ளிக்கிழமை மத்தியானம் நிலத்துக்கு அழைத்து வருகிறாராம். "சும்மா பாத்துட்டுப் போகட்டும், தங்கச்சி. பாக்கறதுல என்ன?"

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் பையில் துணி எடுத்து வைத்தாள். முதுகுத் திண்டை மேலே வைத்தாள். திரைத்துணியின் மிச்சத்தில் தைத்தது, நல்ல அடர் பச்சை.

"நாளைக்குப் போறேன்" என்றாள். "கொட்டகை அறையில தங்கிக்கறேன். குடோன்காரர் வரும்போது அந்தக் கல்லு வாசல்ல இருக்காது. இரும்பு கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டாலும் சரி, அதை உருட்டியாவது தள்ளுவேன். தள்ளிட்டாலும் திரும்பி வரப்போறதில்லை. இனிமே இருப்பு அங்கதான். நீங்க வரணும்னு நான் சொல்லலை."

"நான் வாய் திறக்க மாட்டேன்னுதான் சொன்னேன்" என்றார் அவர். "வரேன்னு சொல்லலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அதோடு படுத்துவிட்டார்கள்.

காலையில் அவளை எழுப்பியது ஒரு பெரிய சத்தம். கூடத்துக்கு வந்தால், மேஜை தரையோடு உட்கார்ந்திருந்தது. வாழ்நாள் முழுக்க நிமிர்ந்து நின்று வெட்டிய மேஜை, இப்போது அவள் முழங்காலுக்கு மேலே கொஞ்சம்தான் இருந்தது. நாலு காலடியிலும் இரும்பு இருந்த இடத்தில் தரை மட்டும் புதுசு மாதிரி பளபளத்தது. படுக்கையில் புருஷன் இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே லிஃப்ட் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

லிஃப்டுக்குள் இரும்புப் பாளங்கள் முழங்கால் உயரத்துக்கு. அதற்குப் பின்னால் மூலையில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு புருஷன். தலைக்கு மேலே சிவப்பு விளக்கு.

"என்ன இது?"

"எதிர் எடை."

"இது ஏன் கத்துது?"

"பாரம் ஜாஸ்தின்னு கத்துது."

"அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். தாங்கும். இதை மாட்டினதே நான்தான்."

"நீங்க மாட்டினது பழைய லிஃப்ட். அதைத்தான் மாத்திட்டாங்களே. பாதி இரும்பை வெளியே வைங்க."

"மாட்டேன். ஒரே நடையில இறக்கிடுவேன்."

"அப்ப நீங்களாவது வெளியே வாங்க."

"நான் வந்துட்டா கீழே யார் எடுக்கறது? உன் கையால தூக்குவியா?"

ஊர் லிஃப்ட் எல்லாம் பழுது பார்த்தவர், இத்தனை பேர் ஏறலாம் என்று தன் கையால் பலகை மாட்டினவர், தன் வீட்டு இரும்பை ஏற்றியதும் அந்தக் கணக்கையே மறந்துவிட்டு, கதவு மூடுகிற பொத்தானை அழுத்தோ அழுத்து என்று அழுத்திக்கொண்டிருந்தார். லிஃப்டும் கத்தியது, அவரும் விடவில்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் கோபித்துக்கொள்வார் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

உள்ளே போய்ப் பையை எடுத்தாள், திண்டை இடுக்கிக்கொண்டாள். தாழ்ந்து கிடந்த மேஜையை ஒரு தடவை தடவிவிட்டு வெளியே வந்தாள்.

"சரி. நீங்க இங்கேயே கிடங்க, நான் போறேன்" என்றாள். "மழை வந்துடும்."

அப்படியே படியில் இறங்கினாள். மூணாம் மாடியில் கதவு திறந்தது. பை, திண்டு, ஈரக் கண், குலுங்குகிற தோள் எல்லாவற்றையும் அந்தக் கண்கள் ஒரே பார்வையில் அள்ளிக்கொண்டன.

"என்ன அக்கா, பையும் கையுமா? எங்கே போறீங்க?"

"கல்லு தூக்க."

"லிஃப்டுக்கு என்ன ஆச்சு?"

"அதுல ஒரு பிடிவாதக்காரர் இருக்கார்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திண்டில் புதைத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். அழுதுகொண்டே போனாள் என்கிறார்களே, அது இதுதான்.

கீழே வந்தபோது அவளுடைய வேன் வாசலில் நின்றது. பின்கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே அவருடைய கருவிப்பெட்டி, அவருடைய செருப்பு, உறை மாற்றிய தலையணை ஒன்று. அவள் கொஞ்ச நேரம் அந்தத் தலையணையைப் பார்த்தாள்.

மேலே லிஃப்டின் கத்தல் சட்டென்று நின்றது. ஏதோ கனமானது தரையில் வைக்கப்படுகிற சத்தம் ஐந்தாம் மாடியிலிருந்து படிவழியாக இறங்கி வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று.

இரண்டு நடைக்குச் சம்மதித்துவிட்டார்.

அவள் திண்டை ஓட்டுகிற இருக்கையில் போட்டுவிட்டு, வேனைப் படிக்கு நெருக்கமாகப் பின்னால் எடுத்தாள். இந்தத் தடவை இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு நிறுத்தினாள்.